பரணில் விரித்த கோள்

போன மாதம் சமையலறைக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்ததால் பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்க வேண்டியிருந்தது. நான் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அம்மா கீழே நின்று வாங்கினாள். பித்தளை அண்டா, இட்லிக் குண்டான், கிறிஸ்துமசுக்கு மட்டும் இறங்குகிற பெரிய வாணலி. எல்லாம் இறங்கிய பிறகு அடியில் விரித்திருந்த தாள் தெரிந்தது. செய்தித்தாளைவிடத் தடிமன், ஏ3 அளவு. வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. அண்டா உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு பச்சைக் கறை. ஒரு முனையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். விசிறி விரித்தது போல ஒரு வண்ணப் படம். கீழே சிவப்பு, அதற்கு மேல் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாகப் போய் மேல் விளிம்பில் நீலத்தில் முடிந்தது. பூமியைவிடப் பல மடங்கு கனமான ஒரு பாறைக் கோளை வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று கணித்து வரைந்த படம் அது. அந்தக் கோளின் மேல்தான் எங்கள் வீட்டு அண்டா பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

"என்னடா அதயே பாத்துக்கிட்டு நிக்கிற? உங்க அண்ணியோட காயிதம்தான. ஓடாத கணக்கு. எடுத்துக் கீழ போடு" என்றாள் அம்மா.

நான் போடவில்லை. ஏணியை விட்டு இறங்கவும் இல்லை.

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது 2004இல். கடலூர் முதுநகரில் மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் இருக்கிற இதே வீடுதான். அண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் கிளம்பிவிட்டான். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவான். அண்ணிக்கு ஊர் அண்ணாகிராமம் பக்கம். அவருடைய அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் நாலைந்து பலா மரங்களும் உண்டு. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தார். பெயர் வேண்டாம், சின்னக் கல்லூரிதான். அங்கேயே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தார். அதே கல்லூரியின் கணினி மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. நானும் தற்காலிகம்தான். ஆக இரண்டு பேருக்கும் ஒரே பஸ்.

காலை ஏழு மணி பஸ்ஸில் அவர் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார், நான் பின்னால். குடிகாடு ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் மருந்து வாசனைக்கு மூக்கைப் பொத்துவார்கள். அண்ணியும் பொத்துவார், ஆனால் மடியில் இருக்கிற தாளிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். சிதம்பரத்தில் இறங்கினால் அவர் வகுப்புக்கு, நான் சர்வர் ரூமுக்கு. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அவரும் அந்த ரூமுக்கு வந்துவிடுவார். ஏசி குளிருக்கு ஒரு பழைய சால்வையை அங்கேயே நாற்காலியில் போட்டு வைத்திருந்தார். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்போது முடியும், அவ்வளவுதான் பேச்சு.

அவர் ஆராய்ந்தது யாராலும் போய்ப் பார்க்க முடியாத ஒரு விஷயம். பாறை என்பது திடப்பொருள்தான். ஆனாலும் அடியில் போதுமான சூடும் கையில் கோடிக்கணக்கான வருஷமும் இருந்தால் பாறையும் மெல்ல நகரும். சூடான பாறை மேலே ஏறும், ஆறிய பாறை கீழே இறங்கும். பூமியின் மேலோட்டுக்கும் உட்கருவுக்கும் நடுவே உள்ள பகுதியைப் பாடப்புத்தகத்தில் கவசம் என்று போட்டிருப்பார்கள். அங்கே இது ஓயாமல் நடக்கிறது. வெப்பச்சலனம் என்று பெயர். அண்ணி பதிவு செய்த வருடங்களில்தான் வேறு நட்சத்திரங்களைச் சுற்றிப் பூமியைவிடப் பெரிய பாறைக் கோள்கள் இருப்பதாகச் செய்திகள் வரத் தொடங்கின. அவர் தன் தலைப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரிய கோள் என்றால் உள்ளே சூடு ஜாஸ்தி, சூடு பாறையை இளக்கும். அழுத்தமும் ஜாஸ்தி, அழுத்தம் பாறையை இறுக்கும். இரண்டில் எது ஜெயிக்கும்? அடி ஆழத்துப் பாறை நகருமா, நகராதா? அண்ணியின் எட்டு வருஷத்தையும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

வந்த புதிதில் அம்மா களி கிண்டிக்கொண்டே, "கல்லு எங்கயாச்சும் கொதிக்குமா?" என்று கேட்டாள். அண்ணி அடுப்பைக் காட்டினார். "களி தளர இருந்தா கொப்புளம் வந்து மேல வெடிக்குதில்ல அத்த? இறுகிப் போச்சின்னா கொப்புளம் வராது, சூடு அடியிலயே நிக்கும். என் கோளு இதுல எதுன்னு பாக்குறேன்." அம்மா துடுப்பை நிறுத்தாமல், "அடி புடிச்சா எறக்கிட வேண்டியதுதான" என்றாள். அதற்குப் பிறகு அம்மா அந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டதே இல்லை.

கேள்வி சுலபமானது, கணக்கு சுலபமில்லை. கோளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சூடு என்ன, அழுத்தம் என்ன, பாறை எவ்வளவு கெட்டி, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணினி திரும்பத் திரும்பப் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒன்று இளகியும் மற்றது பல லட்சம் மடங்கு கெட்டியாகவும் இருந்தால் கணினிக்கு விழி பிதுங்கிவிடும். விடைக்குக் கிட்டே வரும், வராது, திரும்பும். எங்களிடம் இருந்த இரண்டு சர்வரில் எதில் ஓட்டினாலும் ஒரு ஓட்டம் முடிய ஒன்பது நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி கிளப்ப வேண்டும். அதுதான் என் வேலை. பெருமையாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, செத்துப்போன வண்டியைத் தள்ளிவிடுகிற வேலை மாதிரிதான்.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அண்ணி ஒரு படம் அச்செடுப்பார். பின்பக்கத்து ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவார். விடை சரியில்லை என்று முடிவு செய்தால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தத் தாள்களைத்தான் அம்மா அலமாரித் தட்டுகளுக்கு விரிப்பாள். பருப்பு டப்பாவுக்கு அடியில் ஒரு கோள், புளி ஜாடிக்கு அடியில் ஒரு கோள். அம்மாவுக்கு அதில் ஒரு ஒழுங்கு உண்டு. பின்பக்கத்தைத் திருப்பிக் குறி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு தாளைத் தொடமாட்டாள். குறி இல்லாத தாள் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் மடிக்காமல் எடுத்து அண்ணியின் மேசையில் வைத்துவிடுவாள்.

குறி போட்ட தாள்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே படம்தான் இருந்தது. மேலே கொஞ்சம் அசைவு, அடியில் பட்டை பட்டையாக நிறங்கள், எதுவும் நகரவில்லை. அண்ணியின் நெறியாளர் அதை விடையாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. "இவ்ளோ சூடு இருந்தா எப்டிம்மா நகராம இருக்கும்? ப்ரோக்ராம்ல எங்கியோ தப்பு. நகர்ற மாதிரி கொண்டாங்க" என்பார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெறுவதற்குள் அண்ணியைக் கரையேற்றிவிட வேண்டும் என்று நினைத்தவர். அண்ணியும் தன் மேல்தான் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு வருஷமும் ப்ரோக்ராமை முதல் வரியிலிருந்து படித்துப் பார்ப்பார், தப்பு கிடைக்காது, மறுபடி ஓட்டுவார், மறுபடி அதே பட்டைகள். அப்படியே ஆறேழு வருஷம் போயிற்று. பதிவை நீட்டிக்கக் கொடுத்த வாய்ப்புகளும் தீர்ந்தன. 2012 ஜூன் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. பட்டம் வந்தால் கல்லூரியில் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் அந்தக் கல்வியாண்டோடு தற்காலிக வேலையும் போய்விடும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணாகிராமத்தில் அண்ணியின் அப்பாவுடைய தோப்பில் நின்ற மரத்தைவிட விழுந்த மரமே அதிகம். பலா எல்லாமே வேரோடு சாய்ந்துவிட்டன. நான் அண்ணியைப் பைக்கில் கொண்டுபோய் விட்டபோது அவருடைய அப்பா சாய்ந்து கிடந்த பலா மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வாங்க மாப்ள என்று எழுந்தார், மறுபடி அதிலேயே உட்கார்ந்தார். அண்ணி அழவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் அதே மரத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரம் அங்கேயே இருந்தார்.

அந்த மூன்று வாரத்தில்தான் நான் அதைச் செய்தேன். புயலில் சர்வர் ஒன்று போய்விட்டது. மற்றொன்றில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, அண்ணியின் ப்ரோக்ராம் ஓடுகிறதா என்று சோதித்தேன். ஓடவில்லை, விடை கிட்டத்தில் வருவதும் போவதுமாக நின்றது. கரண்ட் வேறு, வருகிற நேரத்தை எண்ணிவிடலாம் என்ற நிலைமை. இந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழக்கமான குறுக்குவழி உண்டு. பாறை எவ்வளவு வேண்டுமானாலும் கெட்டியாகட்டும், இந்த அளவுக்கு மேல் போகாதே என்று கணினிக்கு ஒரு உச்சவரம்பு வைத்துவிடுவார்கள். போதுமான உயரத்தில் வைத்தால் விடை கெடாது, கணினிக்கும் பிழைப்பு ஓடும். நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பல லட்சம் மடங்கு கெட்டியாக வேண்டிய அடிப்பாறையை ஆயிரம் மடங்கோடு நிறுத்தினேன். சர்வர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். பார்த்ததும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அண்ணிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு, ப்ரோக்ராமில் எதை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். டெஸ்ட்டுக்குத்தானே என்று நான் எழுதவில்லை. அப்புறம் யூபிஎஸ் பேட்டரி வந்தது, நெட்வொர்க் கேபிள் வந்தது, பத்து வேலையில் அது பதினொன்றாகிப் போயிற்று.

அண்ணி திரும்பி வந்து ஓட்டத்தைக் கிளப்பினார். ஒன்பது நாள் ஓட வேண்டியது இரண்டே நாளில் முடிந்தது. அச்செடுத்த படத்தை மேசையில் விரித்தார். அடியிலிருந்து சிவப்பாக நாலு தூண்கள் எழுந்து மேலே போய்க் காளான் மாதிரி விரிந்திருந்தன. நகர்ந்திருந்தது. கோள் முழுக்க நகர்ந்திருந்தது. அண்ணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெகு நேரம் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அந்த நிமிஷமே அந்த வரி ஞாபகம் வந்தது.

"ஏதாச்சும் மாத்துனீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி. சர்வர்ல எல்லாம் புதுசா ஏத்துனேன், அதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. அவர் மூன்று வாரம் சாய்ந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவர் நெறியாளரிடம் படத்தைக் காட்டிவிட்டார். நெறியாளர் எழுந்து நின்று, இத்தனை வருஷமாக இதைத்தானே கேட்டேன் என்று அண்ணியின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாராம். அந்த வாரமே அண்ணன் போனில் வாழ்த்துச் சொன்னான். அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போயிற்று. கொஞ்ச நாளில் கனமும் தெரியவில்லை. காலை பஸ், சர்வர் ரூம், சாயங்கால பஸ். அண்ணி இரவு பகல் பாராமல் எழுதினார். நான் அவர் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கை மரத்துப் போனால் சுட்டாலும் தெரியாது என்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். ஆய்வேட்டில் ஒரு சின்னப் படம் பாக்கி இருந்தது, ஆழம் போகப் போகப் பாறை எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டுகிற வரைபடம். யாரும் பார்க்கமாட்டார்கள், விட்டுவிடலாம் என்று நெறியாளரே சொல்லியிருந்தார். அண்ணி விடவில்லை. கோடு மேலிருந்து ஏறிக்கொண்டே வந்து பாதி வழியில் சட்டென்று படுத்து, அடிவரைக்கும் அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகப் போனது. அவர் விரலை அந்த இடத்தில் வைத்தார். நான் மறைக்கவில்லை. டெஸ்ட்டுக்குப் போட்ட உச்சவரம்பு, எடுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

"எப்ப ஞாபகம் வந்துச்சி தம்பி?"

அவர் காத்திருந்தார். கொல்லையில் அம்மா மீன் செதிலைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"படம் வந்த அன்னிக்கே, அண்ணி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலை. வரைபடத்தை ஆய்வேட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்க எழுந்து போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டத்தை மறுபடி கிளப்பினோம். கரண்ட் போகும், நான் கிளப்புவேன், போகும், கிளப்புவேன். ஒன்பது நாள் ஓட வேண்டியது பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் நாங்கள் வேலைக்கு வேண்டியது தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் முதல் வாரத்தில் விடை வந்தது. பட்டை பட்டையாக, அடியில் எதுவும் நகராமல், பழைய படமேதான். உள்ளே அவ்வளவு சூடு இருக்கிறது, பாறை இறுகிப் போனதால் வெளியே வர வழியில்லை. அண்ணி அச்செடுத்துப் பார்த்தார். "மொதல்லேர்ந்து இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சி தம்பி. நாமதான் கேக்கல" என்றார். தாளைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

பிறகு நெறியாளரின் அறைக்குப் போனார். பழைய ஃபைல்களைக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் நானும் கூடப் போய் வாசலில் நின்றேன். "ப்ரோக்ராம்ல ஒரு வரிய தப்பாப் போட்டுட்டேன் சார். விடையே மாறிப் போச்சி" என்று அண்ணி சொன்னது காதில் விழுந்தது. போட்டுட்டேன் என்றார். தம்பி போட்டார் என்று சொல்லியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். நெறியாளர் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், உச்சவரம்பு வைத்ததாக ஒரு வரி எழுதிவிட்டு அதையே கொடுத்துவிடுங்கள், எல்லோரும் வைக்கிறதுதான், பரீட்சகர் ஒன்றும் கேட்கமாட்டார் என்று சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அண்ணி, எல்லோரும் வைக்கிற வரம்பு எங்கேயோ உயரத்தில், இது அடியையே மாற்றிவிட்டது என்றார். விடை தலைகீழானால் மூன்று அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டும், அதற்கு ஆறு மாதம் வேண்டும். இன்னொரு நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தார், கிடைக்கவில்லை. ஜூன் முப்பது வந்தது, போனது. அண்ணி எதையும் கொடுக்கவில்லை. அறை வாசலில் நின்ற அன்று, உள்ளே போய், அந்த வரி என்னுடையது என்று சொல்ல எனக்குப் பத்தடி தூரம்தான் இருந்தது. நான் ஃபைல்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. அதற்குப் பின் அம்மாவின் பேச்சில் ஒரு முள் வந்தது மட்டும் தெரியும். உப்பு கூடிப்போனாலும் பால் பொங்கினாலும், கவனம் வேண்டும், எல்லாத்துக்கும் கவனம் வேண்டும் என்பாள். அண்ணி பதில் பேசமாட்டார். அந்த வருஷக் கடைசியில் அண்ணன் வந்து அவரை மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறார். பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் போன் பேசுவார். என்னை நன்றாக விசாரிப்பார். பெரிய பாறைக் கோள்களின் அடி ஆழம் நகருமா நகராதா என்று உலகத்தில் இன்னும் சண்டை நடக்கிறது. நகராது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் வேறு ஊர்களில் உண்டு. கோள் நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணி எழுதிய சமன்பாடுகளுக்கு அந்தப் பட்டைகள்தான் விடை. நான் இப்போதும் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன், போன வருஷம் நிரந்தரம் ஆக்கினார்கள்.

இதை எல்லாம் ஏணியில் நின்றபடி நினைத்தேன் என்று சொன்னால் பொய். அங்கே நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை. தாளைப் பரணிலிருந்து உரித்து எடுத்தேன். வழக்கமான இடத்தில், பின்பக்கத்து ஓரத்தில், தூசியைத் துடைத்துவிட்டுப் பெருக்கல் குறியைத் தேடினேன். குறி இல்லை. பென்சிலில் 2012 ஜூன் மாதத்துத் தேதி, பக்கத்தில் அண்ணியின் குண்டு குண்டான கையெழுத்தில் 'சரி' என்று ஒரு சொல்.

அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "குறி இல்லாத தாள நான் விரிக்கமாட்டேனே" என்றாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். "பரண அவதான் ஒழிச்சா. மஸ்கட்டுக்குக் கெளம்புறதுக்கு மொத வாரம். நான் ஏறக் கூடாதுன்னு அவளே ஏறுனா." தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "சரின்னு எழுதிட்டு எதுக்குடா இங்க போட்டா? தப்பாப் போச்சின்னு இல்ல சொன்னா எங்கிட்ட. ஒரு வரிய தப்பாப் போட்டுட்டேன் அத்த, எல்லாம் போச்சின்னா. எட்டு வருஷத்துல ஒரு வரி ஒழுங்காப் பாக்கத் தெரியலயான்னு கேட்டுட்டேன் நான்."

"அந்த வரிய நான் போட்டேம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு ஏதாவது நடக்கும் என்று நின்றேன். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்றோ கண்ணில் தண்ணீர் வரும் என்றோ எதிர்பார்த்தேன் போல. ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, முந்தானையால் அண்டாக் கறையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது போகிற கறை இல்லை.

"பழி ஒரு எடம் பாவம் ஒரு எடம்னு வெச்சிட்டியேடா" என்றாள் கடைசியில். "அவளுக்குப் போன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி, பள்ளிக்கூடம் உண்டா என்று வழக்கம் போலக் கேட்டாள். பிறகு, "பரணுல உன் தாளு ஒண்ணு கெடந்துச்சி" என்றாள். அந்தப் பக்கம், எந்தத் தாள் அத்த என்று கேட்டது. "சரின்னு போட்டுருக்கியே, அது. கறை பட்டிருக்கு, தொடச்சிட்டேன். பீரோவுல என் கல்யாணப் பொடவைக்கு மேல வெச்சிடுறேன். யாரும் எடுக்கமாட்டாங்க." போனை என்னிடம் நீட்டினாள்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன் அண்ணி" என்றேன்.

பள்ளிக்கூட மணியோ என்னவோ அங்கே ஏதோ ஒன்று அடித்து ஓய்ந்தது. நான் காத்திருந்தேன், அன்றைக்கு அவர் காத்திருந்த மாதிரி.

"கறை நடுவுலயா, ஓரத்துலயா தம்பி?" என்று கேட்டார்.

"நடுவுல அண்ணி."

"அடிப்பக்கம் தெரியுதா?"

அம்மாவின் மடியில் இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பும் ஆரஞ்சும் அச்செடுத்த அன்று இருந்தபடியே இருந்தன.

"தெரியுது அண்ணி. ஒரு கோடுகூடக் கலையல."